நான்காவது ஆள்

என்னிடம் ஒரு பிடிஎஃப் இருக்கிறது. பதினோரு பக்கம். என் பெயர் மூன்று இடங்களில் சரியாக வருகிறது, நான்காவது இடத்தில் வேறு யாரோ ஒருவரின் பெயர் இருக்கிறது. மூன்று மாத பேக்கேஜ் என்று பணம் கட்டி வாங்கிய உணவுத் திட்டம் அது. அனுப்பியவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. காலை உணவுக்கு ரை மாவு ரொட்டி, மதியம் கினோவா, மாலையில் மக்கடேமியா கொட்டை. கோரிமேட்டில் ரை மாவு எங்கே கிடைக்கும் என்று ஒரு வாரம் தேடினேன். கடைசியில் அண்ணாச்சி கடையில் கேட்டபோது அவர் ராகி மாவை எடுத்து வைத்தார். கேட்டதை வைத்து, இருப்பதில் நெருக்கமான ஒன்றை யோசித்துக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இந்தக் கட்டுரை ஒரு நாவலைப் பற்றியோ கவிதைத் தொகுப்பைப் பற்றியோ அல்ல. பத்தியம் என்கிற எழுத்துவகையைப் பற்றியது. நோயாளிக்கு எழுதித் தரப்படும் உணவுப் பட்டியலை யாரும் பிரதியாகக் கருதி விமர்சிப்பதில்லை. ஆனால் நான் கடந்த ஆறு வருடங்களில் எந்த இலக்கியப் பிரதியையும்விட அதிக முறை வாசித்தது இந்தப் பட்டியல்களைத்தான். ஒரு வரி மாறினால் என் ராத்திரிச் சாப்பாடு மாறும். அப்படி வாசித்த ஒரு வாசகனுக்குக் கருத்து சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

*

முதலில் நோய். எனக்கு இருப்பது சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ். மாஸ்ட் செல் என்பது எல்லோர் உடம்பிலும் இருக்கிற, நோய் எதிர்ப்பைச் சேர்ந்த செல். தோல், குடல், மூச்சுக்குழாய் என்று வெளியுலகம் உடம்பைத் தொடும் இடங்களில் எல்லாம் காவலுக்கு நிற்கும். அதன் உள்ளே குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். பொட்டலத்துக்குள் ஹிஸ்டமின், ஹெப்பாரின், டிரிப்டேஸ் என்று பல சரக்கு. ஆபத்து என்று நினைத்தால் பொட்டலத்தை உடைத்துவிடும். தோல் சிவக்கும், அரிக்கும், வயிற்றைப் பிடுங்கும், ரத்த அழுத்தம் விழும், சில சமயம் ஆளே விழுவார். என் உடம்பில் இந்தக் காவலர்கள் தேவைக்கு அதிகம், அவர்களுக்குப் பதற்றமும் அதிகம்.

காரணம் கிட் என்கிற மரபணுவில் ஒரு எழுத்துப்பிழை. அந்த மரபணு சொல்லும் புரதத்தின் 816-ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருக்க வேண்டும், வாலின் இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் இதைப் புரிந்துகொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை. ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெரியவர்களுக்கு வரும் இந்த மாற்றம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. வாழும்போதே ஏதோ ஒரு செல்லில் நடந்து பெருகுகிறது. எதையாவது தின்றதால் வந்ததும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மருத்துவர் சொன்னபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அப்போ நான் சமைச்சதால இல்லையா டாக்டர்?" என்று கேட்டார். அதற்கு முந்தைய நான்கு வருடமும் அவர் மனதில் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தச் செல்லுக்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிக். 1878-ல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், சாயம் ஏற்றிப் பார்த்தபோது துகள் துகளாக நிறைந்திருந்த இந்தச் செல்களை 'மாஸ்ட்செல்லன்' என்று அழைத்தார். ஜெர்மன் மொழியில் 'மாஸ்ட்' என்றால் கால்நடைக்குத் தீனி போட்டுக் கொழுக்க வைப்பது. நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் என்று நினைத்துவிட்டார். அந்தத் துகள்கள் உணவு அல்ல, அவற்றில்தான் உடம்பின் ஹிஸ்டமின் குவிந்திருக்கிறது என்று நிறுவப்பட்டது 1950-களின் தொடக்கத்தில். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நோயின் பெயரிலேயே தீனி இருக்கிறது, அதுவும் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட தீனி. எனக்கு நடந்த எல்லாவற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடையாது.

*

இனி பட்டியல்கள்.

உலகம் முழுக்க மாஸ்ட் செல் நோயாளிகள் கையில் வைத்திருக்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஹிஸ்டமின் ஒவ்வாமைக்கான சுவிஸ் ஆர்வலர் குழு தயாரித்தது. ஒவ்வொரு உணவுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். பூஜ்யம் என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை, மூன்று என்றால் கடுமையாகப் படுத்தும். பக்கத்தில் காரணக் குறிகள்: ஹிஸ்டமின் அதிகம், சீக்கிரம் கெட்டு ஹிஸ்டமின் உண்டாகும், மாஸ்ட் செல்லைத் தூண்டிவிடும், ஹிஸ்டமினை உடைக்கும் நொதியைத் தடுக்கும். என் பிடிஎஃப் இந்தப் பட்டியலிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது என்று பின்னால் கண்டுபிடித்தேன்.

விமர்சகனாகச் சொன்னால், மூலப் பிரதி நேர்மையானது. தகவல் போதவில்லை என்றால் கேள்விக்குறி போடுகிறது. ஆளுக்கு ஆள் தாங்குதிறன் மாறும், இது வழிகாட்டி மட்டுமே என்கிறது. ஆனால் அது எந்த வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து எழுதப்பட்டது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. பாலாடைக்கட்டி வகைவகையாக, ஒயின், புளித்த முட்டைக்கோஸ், பதப்படுத்திய பன்றி இறைச்சி. நான் தேடியது இட்லி. எட்டு மணி நேரம் புளித்த மாவும் இருபது மணி நேரம் புளித்த மாவும் ஒன்றா? பழைய சோற்றுக்கு எத்தனை மதிப்பெண்? நெத்திலிக் கருவாடு? வத்தக்குழம்பு? தமிழ் வாசகன் இந்தப் பிரதிக்குள் நுழைந்தால், தன் ஊரைப் பற்றிய நாவலில் தன் தெரு மட்டும் இல்லாததுபோல இருக்கும்.

இல்லாத இடத்தை நான் பயத்தால் நிரப்பினேன். பட்டியலில் இல்லாதது எல்லாம் ஆபத்து என்று முடிவெடுத்தேன். நெட்வொர்க் பாதுகாப்பில் இதைத்தான் செய்வோம்: அனுமதிக்கப்பட்டதைத் தவிர எல்லாவற்றையும் தடு. சர்வருக்கு அது நல்ல கொள்கை. சர்வருக்குப் பசிக்காது.

இன்னொரு பட்டியல் வீட்டிலேயே இருந்தது. அம்மா, ஆயா, பக்கத்து வீட்டு அத்தை என எல்லோருக்கும் மனப்பாடம். கரப்பான் பண்டம். தோலில் அரிப்பு, தடிப்பு வந்தால் தொடக்கூடாதவை: கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு, தக்காளி... ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். என் தோலில் பழுப்புப் புள்ளிகள் வர ஆரம்பித்த நாளிலேயே அம்மா சொன்னார், "கத்தரிக்காய நிறுத்துடா, அது கரப்பான்." நான் சிரித்தேன். நாலு வருடம் கழித்து ஹிஸ்டமின் பட்டியல்களைப் படித்தபோது கத்தரிக்காய், தக்காளி, கருவாட்டுக்கு இணையான உப்புக்கண்ட மீன், ஓட்டு மீன்கள் எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. கத்தரிக்காய் ஒவ்வாமையை மைசூரில் உணவு விஞ்ஞானிகள் முறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். சிலருக்கு அது உண்மையான ஒவ்வாமை, வேறு சிலருக்குக் காயிலேயே இருக்கும் ரசாயனங்களின் வேலை என்பது அந்த ஆய்வுகள் காட்டும் திசை. ஆக, அம்மாவின் பட்டியலுக்குப் பின்னால் பல தலைமுறைக் கவனிப்பு இருக்கிறது.

உடனே நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்ற பரவசம். 'பதார்த்த குண சிந்தாமணி'யை வாங்கி வைத்துப் படித்தேன். தண்ணீர் வகை, பால் வகை, தானியம், கீரை, மீன், இறைச்சி என்று ஒவ்வொரு பொருளுக்கும் அதன் குணத்தைச் செய்யுளில் சொல்லும் நூல். வாசிக்க சுவையானது. எந்தக் கடலோரத்து மீனும் அதற்குத் தப்பவில்லையோ என்று தோன்றும் அளவுக்குப் பரந்தது. ஆனால் அதன் அடிப்படை நம்பிக்கை தலைப்பிலேயே இருக்கிறது. குணம் பதார்த்தத்தில் இருக்கிறது. இந்தக் கீரை இப்படிச் செய்யும், இந்த மீன் அப்படிச் செய்யும். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பது பின்னால் போய்விடுகிறது. சுவிஸ் பட்டியலின் மதிப்பெண்ணுக்கும் இதற்கும் கட்டமைப்பில் வித்தியாசம் இல்லை. இரண்டுமே பெயர்ச்சொற்களின் வரிசை. இரண்டிலும் சாப்பிடுகிறவர் இல்லை.

இரண்டு பட்டியலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் பாஸ் ஆனதை மட்டும் தின்பது என்று ஒரு விரிதாள் தயாரித்தேன். ஒரு கட்டத்தில் அதில் பதினான்கு வரிசைதான் மிச்சம். சாதம், நெய், வெள்ளரிக்காய், சுரைக்காய், ஆப்பிள் இப்படி. எழுபத்தொரு கிலோவிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வந்தேன். அம்மா கருவாட்டுக் குழம்பை வீட்டில் யாருக்குமே வைப்பதில்லை என்று நிறுத்திவிட்டார். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் "ஒரு வேலை இருக்கு" என்று வெளியே போக ஆரம்பித்தார்.

இதில் கொடுமை, தாக்குதல் நிற்கவில்லை. மே மாத வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்றால் வந்தது. தூங்காமல் ரிலீஸ் முடித்த மறுநாள் வந்தது. ஒரு வலி மாத்திரைக்கு வந்தது. மாஸ்ட் செல்லுக்குச் சூடு, உராய்வு, மன அழுத்தம், சில மருந்துகள், பூச்சிக்கடி, சாராயம் எல்லாமே தூண்டுகோல். உணவு அதில் ஒன்று மட்டும், அதுவும் எல்லோருக்கும் இல்லை. குறைந்த ஹிஸ்டமின் உணவு இந்த நோய்க்கு உறுதியாக உதவும் என்பதற்கு வலுவான பரிசோதனைச் சான்றும் கிடையாது. ஆனால் வெயிலை என்னால் நிறுத்த முடியாது, தட்டை நிறுத்த முடியும். கட்டுப்படுத்த முடிகிற ஒன்றின்மேல் எல்லாப் பழியையும் போடுவது பயந்தவர்களின் இயல்பு.

*

பழி என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். தமிழில் உணவையும் நோயையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது குறளுக்கு வருவார்கள். எனக்கு வந்த அறிவுரைகளில் பாதி அங்கிருந்துதான். முன்பு தின்றது செரித்ததை அறிந்து அளவாகத் தின்றால் மருந்தே வேண்டாம் என்கிற குறளை, மாமா ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கேட்கும்போதெல்லாம் நான் ஏதோ தப்பாகத் தின்றுவிட்டவன் போலத் தலையைக் குனிவேன்.

சூசன் சாண்டாக் 1978-ல் எழுதிய 'நோய் என்னும் உருவகம்' நூலில் காசநோயையும் புற்றுநோயையும் எடுத்துக்கொண்டு, நோயை நோயாளியின் குணத்துக்கான சாட்சியாக வாசிக்கும் பழக்கத்தைத் தாக்கினார். நம் ஊரில் அந்த வேலையை உருவகம் செய்வதில்லை, சாப்பாடு செய்கிறது. சர்க்கரை வந்தால் இனிப்பு தின்றவன். குடல் புண் வந்தால் நேரத்துக்குச் சாப்பிடாதவன். உனக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்கு நம்மிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கிறது, அது தட்டில் இருக்கிறது.

கோபத்தில்தான் 95-ஆம் அதிகாரத்தைப் பரிமேலழகர் உரையோடு முழுக்க வாசித்தேன். குறை கண்டுபிடிக்க வாசித்தவனுக்கு வேறொன்று கிடைத்தது.

அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. முதல் குறள் நோய்க்குக் காரணம் சொல்கிறது. அடுத்த ஆறு குறளும் உண்ணும் முறை. மாமா சொல்வது எல்லாம் இந்த ஆறிலிருந்து. ஆனால் பரிமேலழகர் அதிகார முன்னுரையிலேயே ஒரு கோடு கிழித்துவிடுகிறார். நோய் இரண்டு வகை: பழவினையால் வருவது, மற்றக் காரணங்களால் வருவது. முதல் வகை வினை கழிந்தால்தான் தீரும், ஆகவே இந்த அதிகாரம் அதைப் பற்றியது அல்ல, இரண்டாவதைப் பற்றி மட்டும் என்கிறார். எனக்குப் பழவினையில் நம்பிக்கை இல்லை. ஆனால் 13-ஆம் நூற்றாண்டின் உரைகாரர் ஒருவர், தின்பதாலும் நடப்பதாலும் வராத நோய் என்று ஒன்று உண்டு, அதற்கு இந்தச் சாப்பாட்டு அறிவுரை பொருந்தாது என்று விலக்கி வைத்தாரே, அது எவ்வளவு பெரிய நாகரிகம். மாமா அந்த முன்னுரையைப் படித்ததில்லை.

அந்த ஆறு குறளிலும்கூடப் பட்டியல் கிடையாது. கத்தரிக்காய் வேண்டாம், பால் குடி என்று ஒரு பொருள்கூடப் பெயர் சொல்லப்படவில்லை. மாறுபடாத உணவு என்பதுதான் பேச்சு. எதோடு மாறுபடாதது? உண்பவனின் உடல்வாகோடு, பருவத்தோடு, ஒன்றாகத் தின்னும் மற்ற பொருளோடு என்று உரை மூன்றாகப் பிரிக்கிறது. தேனும் நெய்யும் தனித்தனியே நல்லவை, சம அளவில் சேர்ந்தால் நஞ்சு என்பது அவர் காட்டும் உதாரணம். அது உண்மையா என்பது என் கேள்வி இல்லை. குணம் பொருளுக்குள் இல்லை, உறவில் இருக்கிறது என்ற சிந்தனை முறைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பதார்த்த குண சிந்தாமணியில் நான் தேடிக் கிடைக்காதது அது.

கடைசி மூன்று குறளை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று எழுத வந்தேன். அதில் முதலாவதை மருத்துவமனைச் சுவர்களில் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நோயையும் அதன் மூலத்தையும் தேடச் சொல்வது. நாம் விட்டுவிட்டது கடைசி இரண்டை. ஒன்று, மருத்துவர் மூன்று அளவுகளைப் பார்க்க வேண்டும் என்கிறது: நோயாளி, நோய், காலம். மற்றொன்று, மருத்துவம் என்பது நான்கு பேர் அல்லது நான்கு பங்கு சேர்ந்தது என்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான்.

உழைச்செல்வான். பக்கத்தில் இருந்து மருந்தையும் பத்தியத்தையும் நடத்திக் கொடுப்பவர். உரையில் இந்த நான்குக்கும் தலா நான்கு இலக்கணம் வருகிறது. நோயாளிக்கு இருக்க வேண்டியவற்றில் ஒன்று பொருளுடைமை. காசில்லாதவனுக்கு வைத்தியம் இல்லை என்பதை இவ்வளவு பச்சையாக எழுதியிருக்கிறாரே என்று முதலில் அதிர்ச்சி. பிறகு என் பேக்கேஜ் ரசீது நினைவுக்கு வந்தது. உழைச்செல்வானுக்கு இருக்க வேண்டியவற்றில் நோயாளியிடம் அன்பு, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு எல்லாம் வருகின்றன. அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். என் வீட்டில் அன்பு இருந்தது. என் பிடிஎஃபில் அறிவு மாதிரி ஏதோ இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இல்லை.

*

இந்தியாவில் அந்த நான்காவது ஆளின் கதை நம் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராய ஒரு பிரிவைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்திய உணவுகளின் சத்து அட்டவணை 1930-களில் குன்னூரில் இருந்துதான் முதலில் வந்தது. அதன் இன்றைய வாரிசு 2017-ல் வெளியான இந்திய உணவுக் கூறு அட்டவணைகள், 528 உணவுகள். நாட்டின் எந்த உணவியல் நிபுணரும் அதைத் தொடாமல் வேலை செய்ய முடியாது.

அந்த அட்டவணையிலும் ஹிஸ்டமினைத் தேடினேன். இல்லை. பெரும்பாலும் சமைக்காத மூலப்பொருட்கள், எனவே இட்லியும் இல்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அந்தப் பிரதியின் நியாயம் புரிந்தது. தீட்டிய அரிசியில் இல்லாமல் போன ஒரு சத்தைத் தேடிப் பிறந்த விஞ்ஞானம் இது. பஞ்சங்களின் நாட்டில் அது கேட்கக் கற்றுக்கொண்ட கேள்வி, என்ன குறைகிறது? என்னுடைய கேள்வி நேர் எதிர்: எது என்னைத் தாக்குகிறது? இரண்டும் சந்திக்க வழியில்லை என்று நினைத்தேன்.

தப்பு என்று காட்டியவர் ஒரு அம்மா. அரசுப் பணியில் டயட்டீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் மருத்துவர்தான் அனுப்பினார். 2021-ல் துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வரும்வரை, மருத்துவருக்கும் நர்சுக்கும் இருப்பதுபோல டயட்டீஷியனுக்கு இந்தியாவில் சட்டப்படியான கவுன்சில் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்ற நிலை. நான் ஒருமுறை சூடுபட்டவன் என்பதால் சந்தேகத்தோடுதான் போனேன். விரிதாள், இரண்டு பட்டியல், பிடிஎஃப் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தேன்.

அவர் எதையும் தொடவில்லை. "நேத்து காலைல இருந்து என்னென்ன சாப்பிட்ட தம்பி? அத மட்டும் சொல்லு" என்றார். சொல்ல இரண்டு நிமிடம் ஆகவில்லை. அவர் எழுதிவிட்டுக் கணக்குப் போட்டார். பிறகு, "இந்த வியாதிய நான் கேள்விப்பட்டதே இல்ல. பொய் சொல்ல மாட்டேன். படிச்சிட்டு வரேன், அடுத்த வாரம் வா. ஆனா நீ சாப்பிடறது ஒரு அஞ்சாவது படிக்கிற புள்ளைக்குப் பத்தாது. அது எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

ஆறு வருடத்தில் எனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள். அந்த வாக்கியத்துக்கு நான் கட்டணம் கட்டத் தயாராக இருந்தேன்.

அடுத்த வாரம் அச்செடுத்த தாள்களோடு வந்திருந்தார், அங்கங்கே அடிக்கோடு. மருத்துவரிடம் போனில் பேசியிருந்தார். மாஸ்டோசைட்டோசிஸ் எலும்பை அரிக்கக்கூடும் என்பதைச் சுட்டி, கால்சியமும் புரதமும் இல்லாத என் தட்டு நோயைவிட மோசமாக எலும்பைத் தின்னும் என்றார். குன்னூரின் பழைய கேள்விதான், என்ன குறைகிறது. ஆனால் என்னைக் காப்பாற்றியது அதுதான். தாக்குவது எது என்று தேடித் தேடி நான் என்னைப் பட்டினி போட்டிருந்தேன்.

பிறகு கேள்விகள். வீட்டில் யார் சமைப்பது? மாவு எப்போது அரைப்பது, எத்தனை மணி நேரம் வெளியே இருக்கும்? குழம்பை எத்தனை நாள் ஃபிரிட்ஜில் வைப்பீர்கள்? கரண்ட் எவ்வளவு நேரம் போகும்? மீன் எங்கே வாங்குவது? பட்டியலில் எங்கும் இல்லாத வினைச்சொற்கள் இவை. அரைப்பது, வைப்பது, சுடவைப்பது, வாங்குவது. பெயர்ச்சொற்களின் வரிசையில் தொலைந்துபோன சமையலறை திரும்ப வந்தது.

"மீன் வேணாம்னு நான் சொல்லல. மீனோட வயசு என்னன்னு கேளு" என்றார். இதன் பின்னால் உறுதியான விஞ்ஞானம் இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். பிடித்தபின் குளிர் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நோயே இல்லாதவர்களையும் முகம் சிவந்து படுக்க வைக்கும் மீன் நஞ்சு இது. சுவிஸ் குழு போட்ட 'சீக்கிரம் கெடும்' என்ற குறி இதைத்தான் சொல்ல முயன்றது. மலைநாட்டில் உட்கார்ந்து மீனுக்கு மதிப்பெண் போடும்போது மீன் என்பது கடையில் இருக்கும் மீன். எங்களுக்குக் கடல் பத்து நிமிடத்தில் இருக்கிறது. குறள் சொன்ன மூன்று அளவில் மூன்றாவது, காலம். இங்கே அதைக் கடிகாரத்தில் பார்க்கலாம்.

மீன் விற்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். நோயின் பெயரை அல்ல, பழைய மீன் தின்றால் விழுந்துவிடுவேன் என்று. அவர் தன் கூடையைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் தம்பி. எல்லாம் ஐஸ் மீனு. நாளைக்கு விடியக்காலம் துறைமுகத்துக்கு வா, படகுல இருந்து எறங்கறத எடுத்துத் தரேன்" என்றார். தன் சரக்கை வாங்காதே என்று சொன்னவரையும் உழைச்செல்வான் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

உணவுகள் ஒன்றொன்றாகத் திரும்ப வந்தன, மருத்துவருக்குத் தெரிந்து, மாத்திரைகளை மாற்றாமல். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள், சின்ன அளவு, மூன்று நாள் கவனிப்பு. தூங்காத நாளிலும் வெயிலில் அலைந்த நாளிலும் புதிதாக எதுவும் தொடக்கூடாது, ஏனென்றால் வந்தால் எதனால் என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்பது நான் தினமும் அலுவலகத்தில் ஜூனியர்களுக்குச் சொல்வது. என் உடம்பில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிக்கொண்டிருந்தேன். பாசிப்பருப்பு வந்தது. முருங்கைக்கீரை வந்தது. அன்றே அரைத்து அதிகம் புளிக்காத மாவில் இட்லி வந்தது. தக்காளி வரவில்லை, இரண்டு முறை முயன்று விட்டுவிட்டோம். கத்தரிக்காய் விஷயத்தில் அம்மா பார்வையில் ஒரு வெற்றி தெரியும் என்பதால் அதை இன்னும் முயலவில்லை.

இதை வாசிக்கும் இன்னொரு நோயாளி என் வரிசையை நகலெடுக்க வேண்டாம். இந்தக் கட்டுரை முழுக்க நான் சண்டை போடுவது அந்த நகலெடுப்போடுதான்.

*

ஒரு மறுப்பு எழலாம். இதெல்லாம் ஒரு நல்ல மனுஷியைச் சந்தித்த அதிர்ஷ்டம், இதில் விமர்சனம் எங்கே? நான் சொல்ல வருவது அந்த அதிர்ஷ்டத்தைப் பற்றித்தான். நம் மரபில் பதார்த்த குணம் என்ற வழியும் இருந்தது, மாறுபாடு என்ற வழியும் இருந்தது. முதலாவது பட்டியலாக, செய்யுளாக, பிடிஎஃபாக எளிதில் பரவும். இரண்டாவதற்கு ஒரு ஆள் வேண்டும். உட்கார்ந்து கேட்க, தெரியாது என்று சொல்ல, அடுத்த வாரம் வரச் சொல்ல. பட்டியலைப் பெருக்கச் செலவே இல்லை. ஆளைப் பெருக்கத்தான் சம்பளம், பதவி, பயிற்சி எல்லாம் தேவை. ஆகவே பட்டியல் ஜெயித்தது. நாம் குறளிலும் எளிதில் பரவக்கூடிய பகுதியைத்தான் பரப்பினோம். தின்பவனுக்கு அறிவுரை சொல்லும் ஆறு குறள் வாட்சாப்பில் சுற்றுகிறது. நான்காவது ஆளைக் கேட்கும் குறளை நடைமுறைப்படுத்த வேண்டுமென்றால் பட்ஜெட் போட வேண்டும்.

எங்கள் ஊரில் அந்த நான்காவது ஆளைப் பார்க்க ஒரு இடம் உண்டு. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலாக வந்த ஜிப்மர் கோரிமேட்டில்தான் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த வாசலைத் தாண்டி நடந்தால் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலையிலிருந்து நோயாளியோடு வந்தவர்களைப் பார்க்கலாம். கையில் ஃபிளாஸ்க், தூக்கு, பிளாஸ்டிக் கூடை. டீக்கடையில் வெந்நீர் கேட்பார்கள், கஞ்சி கிடைக்குமா என்பார்கள், ரொட்டி கொடுக்கலாமா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள். அன்பு இருக்கிறது, ஓடியாடும் வல்லமை இருக்கிறது. உரைகாரர் கேட்ட அந்த அறிவு என்ற ஒன்றை மட்டும் அவர்கள் டீக்கடையில் ஒருவரிடம் ஒருவர் விசாரித்துச் சேகரிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. வீட்டில் யார் சமைப்பது என்று கேட்க ஒருவர் வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் சங்கரா வாங்கி வந்தேன். அம்மா தக்காளி இல்லாமல், மிளகு அதிகமாகப் போட்டுக் குழம்பு வைத்தார். எட்டரை மணிக்கே சாப்பாடு. அப்பாவுக்கு அன்று வெளியே வேலை எதுவும் இல்லை. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சிவக்கிறதா என்று. "என்னடா, எதாவது பண்ணுதா?" என்று மூன்று முறை கேட்டார். பதினொன்றரை மணிக்கு நோட்டை எடுத்து எழுதினேன்: சங்கரா, இரண்டு துண்டு, பிடித்து நாலு மணி நேரம். ஒன்றும் இல்லை.